இரண்டு சாண் தண்ணீர்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, இன்னும் வராத கடல் எந்த வீட்டு வாசலில் எத்தனை சாண் நிற்கும் என்பது இலக்கியாவுக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்தவுடன் அவள் செய்த முதல் காரியம், ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, புயல் பாதுகாப்பு மையத்தின் காலி ஹாலில் தன்னந்தனியாக ஒரு குதி குதித்ததுதான். ஊர் மூழ்கப் போகிறது என்று தெரிந்துகொண்டு குதிக்கிறவளை யாராவது பார்த்திருந்தால், சென்னையில் படித்துப் படித்து மூளை கலங்கிவிட்டது என்று முடிவே கட்டியிருப்பார்கள். ஆனால் பத்து வருஷ உழைப்பு கண்ணெதிரே உயிர் பெற்று நிற்கும்போது குதிக்காமல் என்ன செய்வது?

அந்த உழைப்பின் பெயர் ‘சாண்’. புயல் கரையைக் கடக்கும்போது காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வந்து நிலத்தின் மேல் ஏற்றிவிடும். அந்தக் கடலேற்றத்தை முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்கிற கணினி மாதிரி, அதாவது மாடல், அது. முன்பிருந்த மாதிரிகள் கரையைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ‘மாவட்டத்தில் ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை’ என்று பட்டும் படாமலும் சொல்லும். கல்யாணத்துக்கு நூறு முதல் ஆயிரம் பேர் வரை வரலாம் என்று சமையல்காரரிடம் சொல்வது போலத்தான். அவர் எத்தனை படி அரிசி போடுவார், பாவம்.

சாணின் கட்டம் ஒரு காலடி அளவு. அதற்கு வாசற்படி தெரியும், சாக்கடை தெரியும், மாட்டுத் தொட்டி தெரியும். அதைவிடப் பெரிய விஷயம் அதன் வேகம். முன்பு ஒரு நாள் முழுக்க ஓடிய கணக்கு, இப்போது பதினோரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆகவே என்ன வரும் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதில்லை. இதை இங்கே நகர்த்தினால் என்ன வரும், அதை அடைத்தால் என்ன வரும் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

சோதனைக்கு ஒரு ஊர் வேண்டும் என்று முன்கணிப்பு மையத்தில் பேச்சு வந்தபோது இலக்கியா தன் ஊரையே கொடுத்தாள். கடலூருக்குத் தெற்கே, ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு வடபுறம் இருக்கும் சங்குக்குப்பம். தெருத்தெருவாக டிரோன் விட்டு அளந்து, அது தவறவிட்டதையெல்லாம் அவளே கையால் திருத்தியிருந்தாள். தெருவுக்கு ஒன்றாக நீர்மட்டம் காட்டும் கம்பங்களும் நட்டாயிற்று. இப்போது 2041ஆம் வருஷத்தின் மூன்றாவது புயல், அவளுக்காகவே சொல்லி வைத்த மாதிரி நேரே இங்கு வந்துகொண்டிருந்தது.

ஞாயிறு காலை பதினொன்று பத்துக்குக் கடலேற்றம் உச்சம். பள்ளிக்கூடத் தெருவில் ஆறு சாண், அதாவது நெஞ்சளவு. அவள் அம்மா வீட்டில் ஐந்து. காரணமும் திரையில் பளிச்சென்று தெரிந்தது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மணல்மேட்டை, மீன் ஏலக்கூடம் கட்டுவதற்காக நூற்றிருபது மீட்டர் அகலத்துக்கு வெட்டித் தரைமட்டம் ஆக்கியிருந்தார்கள். தண்ணீர் அந்த வாய் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அந்த வாயை அடைத்தால்?

நூற்றிருபது மீட்டருக்குச் சுவர் எழுப்ப ஒரு நாள் போதாது. எதைக் கொண்டு அடைப்பது என்று யோசித்தபடி அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். புயல் என்றால் ஊர் செய்யும் முதல் வேலையை ஊர் செய்துகொண்டிருந்தது. டிராக்டரில் கயிறு கட்டிப் படகுகளைக் கரையேற்றித் தெருவுக்குள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் அறுபத்தொரு ஃபைபர் படகுகள். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் அகலம், இடுப்புக்கு மேல் உயரம்.

மொத்தமாக நூற்றிருபத்திரண்டு மீட்டர்! திரையில் அறுபத்தொரு படகுகளையும் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி, வெட்டிய வாயில் நிறுத்தினாள். பதினோரு நிமிஷம் அவளால் உட்கார முடியவில்லை. கடைசியில் திரையில் தண்ணீரைக் காட்டும் நீலம் கடலிலிருந்து கிளம்பி, படகு வரிசை வரை வந்து, அங்கேயே நின்றது. ஊருக்குள் பூஜ்யம்.

உடனே சென்னைக்குப் போன் போட்டாள். மையத்தின் இயக்குநர் ஹேமலதா எதற்கும் அவ்வளவு சீக்கிரம் அசைந்து கொடுக்கிறவர் இல்லை. அவர் குரலிலேயே ஒரு துள்ளல் வந்தது.

“செய் இலக்கியா. ஆனா ஒண்ணு. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இறுதிக் கணிப்பு எனக்கு வரணும். அதுதான் பரீட்சை. அதுக்கப்புறம் ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது. நாளைக்கு அது பலிச்சா, மொத்தக் கரைக்கும் சாண்தான்.”

“பலிக்கலன்னா மேடம்?”

“இன்னும் ஒரு வருஷம் கமிட்டி கமிட்டியா ஏறி இறங்கணும்” என்றார் ஹேமலதா.

ஒன்பது மணிக்கு ஏலக்கூடத்தில் ஊர் கூடியது. நாட்டார் மாசிலாமணிதான் பேச்சைத் தொடங்கினார். நாட்டார் என்றால் ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர். மாசிலாமணி இலக்கியாவுக்குச் சொந்தத் தாய்மாமனும்கூட. முப்பது வருஷம் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகியவர் என்பதால், ரகசியம் பேசினாலும் அடுத்த ஊருக்குக் கேட்கும். இலக்கியா திரையைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மாசிலாமணி தாடையைத் தடவினார்.

“ஏன் மருமவளே, தண்ணி வந்தா இந்தப் போட்டுங்கல்லாம் என்னா பண்ணும்?”

“தடுக்கும் மாமா.”

“தடுத்துட்டு?”

“அங்கயே நிக்கும்.”

“நிக்குமா!” மாசிலாமணி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டுக்குங்கடா. தண்ணி வந்தா போட்டு நிக்குமாம். நாமதான் இத்தினி வருசமா அது மெதக்கும்னு நம்பி ஏமாந்துட்டோம்.”

ஏலக்கூடத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. இலக்கியாவுக்கு முகம் சிவந்து காது வரை சுட்டது. கணக்கில் அவள் படகுகளைச் சுவர் என்று எழுதியிருந்தாள். காற்று, நிலா, கடலடி, சாக்கடை எல்லாம் நினைவிருந்தது. படகு மிதக்கும் என்பது மட்டும் மறந்துபோயிற்று. மீன்பிடிக்கும் வீட்டில் பிறந்தவள்!

“ஒரு சாண் தண்ணி போதும்மா. வெறும் போட்டு எழுந்து நின்னு ஆடும்” என்றார் மாசிலாமணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு சிரிப்பு அடங்கி யோசித்தார். “மண்ணு போடு. வாய் வரைக்கும் ஈர மண்ணு போட்டு, மண்ணு கரையாம மேல தார்ப்பாய இழுத்துக் கட்டிட்டா, எந்தப் போட்டும் எழுந்திருக்காது. மூக்கு கடலப் பாத்து இருக்கணும், அவ்ளோதான். குறுக்க போட்டா அலை பொளந்துடும்.”

அவள் அங்கேயே மண்ணின் எடையை ஏற்றி மறுபடி ஓட்டினாள். நூற்றுப் பத்துப் பேர் பதினோரு நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீலம் வந்தது, படகு வரிசையை முட்டியது, நின்றது. இந்த முறை படகுகள் மிதக்கவும் சுதந்திரம் இருந்தது, அவைதான் மிதக்கவில்லை.

“பத்து போட்டாவது பொளந்துடும். யார் போட்டுன்னு இப்பவே சொல்ல முடியாது. சம்மதமா?” என்று மாசிலாமணி கேட்டார். ஒரு படகு என்பது ஒரு குடும்பத்தின் சோறு. ஆனாலும் ஒருவர் பின் ஒருவராகக் கை எழுந்தது. கடைசியில் எழாத கையே இல்லை.

பிறகு நடந்ததைத் திருவிழா என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு டிராக்டர், இரண்டு பொக்லைன், கயிறு இழுக்க முந்நூறு பேர். பெண்கள் மீன்கூடையில் மண் சுமந்தார்கள். இன்ஜின்களைக் கழற்றி மாடிக்கு ஏற்றினார்கள். நடு நடுவே ஆளாளுக்கு ஓடி வந்து, “எங்க வூட்டுக்கு எத்தினி சாண் பாப்பா?” என்று ஜோசியம் கேட்பது போல இலக்கியாவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று சொல்லிச் சொல்லி அவள் வாய் இனித்தது. வானம் கறுத்துக்கொண்டே வந்தது. அவளுக்கோ தீபாவளிக் காலைபோல் இருந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கன்னியம்மா வந்தாள். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள். ஓடையில் கையால் தடவி இறால் பிடித்து, சங்குக்குப்பத்தில் கொண்டுவந்து விற்பாள். காலையிலிருந்து அவளும் அவள் ஆட்களும் இங்கேதான் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கை உரிந்திருந்தது.

“எங்களுக்கு எத்தினி பாப்பா?”

“எந்த எடத்துக்கு அக்கா?”

“தில்லைமேட்டுக்கு.”

இலக்கியா திரையை ஓடைக்கு அந்தப் பக்கம் நகர்த்தினாள். பச்சையாக இருந்தது. ‘அலையாத்திக் காடு. குடியிருப்பு இல்லை.’

டிரோன் அளவெடுப்பு கதவு எண்ணைப் பிடித்துக்கொண்டு போனது. தில்லைமேட்டில் பட்டா கிடையாது, அதனால் கதவு எண்ணும் கிடையாது. மரத்தடியில் இருக்கும் ஓலைக்கூரையை மேலிருந்து பார்த்தால் அதுவும் மரம்தான். தன் ஊரில் மாட்டுத் தொட்டியைக்கூட விடாமல் திருத்தியவள், சிறு வயதிலிருந்து அந்த ஓடை இறாலைத் தின்று வளர்ந்தவள், ஓடையைத் தாண்டி ஒருமுறை பார்க்கவில்லை.

“எத்தனை வீடு அக்கா?”

“முப்பத்தொண்ணு. பேருலதான் மேடு இருக்கு பாப்பா.”

கன்னியம்மா சொல்லச் சொல்ல ஒவ்வொரு வீடாக வரைந்தாள். தரையின் உயரம், சுவரின் கனம், எது மண், எது ஓலை. ஓட்டினாள். படகுச் சுவர் இல்லாவிட்டால் தில்லைமேட்டில் இரண்டு சாண். சுவர் இருந்தால் ஐந்து. வாயில் நுழைய முடியாத தண்ணீர் மணல்மேட்டோடு திரும்பி, முகத்துவாரம் வழியாக ஓடைக்குள் ஏறி, நேரே அங்கே போய் நின்றது.

கன்னியம்மா படிக்காதவள். ஆனால் ஓடையின் தண்ணீர் ஏறி இறங்குவதைப் பார்த்தே வயிறு வளர்த்தவள். திரையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இங்க வராத தண்ணி அங்க வருது” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள், அதுதான் கேட்க முடியவில்லை. “மண்ணு செவுரு பாப்பா. மூணு சாண் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல போனா கரைஞ்சிரும்.”

அவள் திரும்பிப் போய் மறுபடி கயிற்றைப் பிடித்தாள். இலக்கியா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வலது கோடியில் பத்துப் படகை எடுத்துப் பார்த்தாள், இடது கோடியில் எடுத்துப் பார்த்தாள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. ஒரு பக்கம் குறைந்தால் மறு பக்கம் கூடியது. பதினேழாவது ஓட்டத்தில், வரிசையின் நட்ட நடுவில் நாலே நாலு படகை எடுத்தபோது, இரண்டு பக்கமும் ஒரு நிலைக்கு வந்தது. சங்குக்குப்பத்தில் இரண்டு சாண், தில்லைமேட்டில் இரண்டரை. இங்கே முழங்கால் தண்ணீர், அங்கே சுவர் நிற்கும். “வந்துருச்சு!” என்று அவள் சத்தமாகவே சொன்னாள்.

அப்போதுதான் ஒரு பொல்லாத யோசனை வந்தது. நடுவில் இடைவெளி விடாவிட்டால் மொத்தச் சுவரும் உடைந்து ஊருக்குள் பத்துச் சாண் வரும் என்று சொல்லிவிட்டால்? காலையிலிருந்து அவள் வாக்குதான் வேதவாக்கு. யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். முப்பத்தொரு வீடு பிழைக்கும். ஐந்து நிமிஷம் அந்தப் பொய்யை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு விழுங்கிவிட்டாள். சாண் ஒருமுறை பொய் சொன்னால், அடுத்த புயலில் அது சொல்லும் நிஜத்தை எவன் நம்புவான்?

நாலு மணிக்கு மறுபடி கூட்டம். உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

முதலில் வாயைத் திறந்தது ஐஸ் கம்பெனி ராஜவேலு. “அவங்கள டிராக்டர்ல ஏத்தியாந்து இங்க மையத்துல நம்மகூட உக்கார வெச்சுக்குவோம். உசுருக்கு ஒண்ணும் ஆவாது. குடிசைதான, திரும்பக் கட்டிக்கலாம்.”

“நம்ம வீடு கான்கிரீட் அண்ணே. ரெண்டு சாண் தண்ணி வந்தா கழுவி விட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம். அவங்களுக்கு வீடே இருக்காது” என்றாள் இலக்கியா.

“போட்ட நாம குடுக்கிறோம். மண்ண நாம சுமக்கிறோம். அப்பறம் தண்ணியையும் நாமளே வூட்டுக்குள்ள கூப்பிட்டு வெச்சுக்கணுமா?”

“கயிறு அவங்களும்தான் இழுத்தாங்க!” அவள் குரல் உயர்ந்துவிட்டது. “மீனு வந்தா எப்படிப் பிரிக்கிறோம்? போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. காய்ச்சல்ல படுத்திருக்கிறவன் வீட்டுக்கும் கறிக்கு மீனு போவும். கரையில நின்னு கயிறு புடிச்சவன் வெறுங்கையோட போனதா சரித்திரம் இல்ல. மீனப் பங்கு போடத் தெரிஞ்ச ஊருக்குத் தண்ணியப் பங்கு போடத் தெரியாதா?”

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாசிலாமணி கை தூக்கச் சொன்னார். இடைவெளி விடலாம் என்று பதினோரு கை எழுந்தது. வேண்டாம் என்று எழுந்ததை எண்ணவே தேவையில்லை.

“ஊரு வேணாங்குது. பேச்சு முடிஞ்சிது” என்றார் மாசிலாமணி. பிறகு, இலக்கியாவைப் பார்க்காமலே, “இவ எந்த நாலு போட்ட எடுக்கச் சொன்னாளோ, அந்த எடத்துல எங்க வூட்டுப் போட்டு நிக்கும். என்னுது, எந்தம்பிங்களுது, நாலும். நாங்களே மண்ணு போட்டுக்கிறோம், நாங்களே தார்ப்பாய் கட்டிக்கிறோம். வேற எவனும் அதுமேல கைய வைக்கக் கூடாது. தெரியுதா?” என்று கர்ஜித்தார். ராத்திரியில் யாராவது இரக்கப்பட்டு நாலு படகை இழுத்துவிடுவார்கள் என்று பயம் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். இவ்வளவு கல்நெஞ்சரா இந்த மாமா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது இறுதிக் கணிப்பை அனுப்பினாள். அறுபத்தொரு படகு, இடைவெளி இல்லை. சங்குக்குப்பம் பூஜ்யம், தில்லைமேடு ஐந்து. பிறகு மீதமிருந்த ஒரு கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் தில்லைமேட்டில் நட்டுவிட்டு வந்தாள். அந்த இடம் ஒருநாள் இருந்தது என்பதற்காவது சாட்சி வேண்டும் அல்லவா.

ஞாயிறு காலை புயல் பாதுகாப்பு மையத்துக்குள் இரண்டு ஊரும் நிறைந்திருந்தன. தில்லைமேட்டு ஆட்களை மாசிலாமணியே டிராக்டர் ஓட்டிக் கூட்டி வந்திருந்தார். வெளியே காற்று போட்ட சத்தத்தில் அவர் குரல்கூட எடுபடவில்லை. இலக்கியா திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நூறு தலைகள் எட்டிப் பார்த்தன. பத்தரைக்குக் கடல் ஏலக்கூடத்தைத் தொட்டது. பத்து ஐம்பதுக்குப் படகு வரிசையை முட்டியது. பள்ளிக்கூடத் தெரு பூஜ்யம். கோயில் தெரு பூஜ்யம். விசில் பறந்தது. “நம்ம போட்டுடா!” என்று ராஜவேலு கத்தினார். மூலையில் கன்னியம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பத்து ஐம்பத்தெட்டுக்குப் பள்ளிக்கூடத் தெருக் கம்பம் ஒரு விரல் காட்டியது.

மழைத் தண்ணீராக இருக்கும் என்றாள் இலக்கியா. இரண்டு விரல். நாலு விரல். கோயில் தெருவிலும் ஏறியது. ஒரு சாண். விசில் நின்றுபோனது. “என்னா பாப்பா இது, பூஜ்யம்னியே!” ஒன்றேகால். ஒன்றரை. “சொவரு போயிடுச்சா?” சுவர் போயிருந்தால் ஆறு சாணுக்குத் தாவியிருக்க வேண்டும். இது தாவவில்லை. பொறுமையாக ஏறி, பதினொன்று பத்துக்கு இரண்டு சாணில் நின்றது.

தில்லைமேட்டுக் கம்பத்தைப் பார்த்தாள். இரண்டரை. யாரும் கவனிக்காதபடி, பதினேழாவது ஓட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பள்ளிக்கூடத் தெரு, கோயில் தெரு, ஐஸ் கம்பெனி, அம்மா வீடு. ஒன்பது கம்பங்கள், ஒன்பதிலும் ஒரு விரலுக்கு மேல் வித்தியாசம் இல்லை. உலகத்தில் எந்த மாதிரியும் ஒரு கடலை இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை! எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் இது அவள் அனுப்பிய கணிப்பு இல்லை. ஊர் வேண்டாம் என்று சொன்ன கணிப்பு.

அப்படியானால் நடுவில் நாலு படகு எங்கே?

நாலு மணிக்குக் காற்று அடங்கியது. தண்ணீரும் பெரும்பாலும் வடிந்துவிட்டது. எல்லோரும் அவரவர் வீட்டுக்குச் சேறு கழுவ ஓடினார்கள். இலக்கியா சேற்றில் கால் புதையக் கரைக்குப் போனாள். ஐம்பத்தேழு படகுகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றன. பதிமூன்று விரிசல் விட்டிருந்தன. நடுவில், பல் விழுந்த வாய் போல ஒரு இடைவெளி. அங்கிருந்து தரையில் கீறிக்கொண்டு போன தடத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். தடம் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் போயிற்று. அங்கே மாசிலாமணியின் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் மாசிலாமணி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு மீன்கூடையில் மண்ணை அள்ளி அவசர அவசரமாக அதற்குள் கொட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, என்னா பண்றீங்க?”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். வந்தது அவள்தான் என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டார். “மண்ணு போடறேன்.”

“புயல் போயிடுச்சு மாமா.”

“அதான் இப்ப போடறேன்.”

இலக்கியா படகுக்குள் எட்டிப் பார்த்தாள். கிழிந்த தார்ப்பாய்க்குக் கீழே, இவர் இப்போது கொட்டிய நாலு கூடை மண்ணைத் தவிர, சுருட்டி வைத்த பழைய வலைகள்தான் இருந்தன. மேலிருந்து பார்ப்பவர்களுக்கு மண் போலக் குவிந்து தெரிவதற்கு.

“நேத்து கூட்டத்துல அப்படிக் கத்துனீங்களே!”

“ஊரு வாயில வேணாம்னு வந்துருச்சு. ஊர மீறினா நான் என்னா நாட்டாரு?” முதல் தடவையாக மாசிலாமணி மெதுவாகப் பேசி அவள் கேட்டாள். “ஆனா எம்போட்டுல எத்தினி கூடை மண்ணு போடணும்னு ஊரு ஒண்ணும் முடிவு பண்ணலையே. அது எவனுக்காச்சும் தெரிஞ்சிச்சுன்னா, முழங்கால் சேத்த வழிச்சுக்கிட்டு இருக்கானுவோ பாரு, அத்தினி பேரும் என்னைத் தேடி வருவானுவோ. அதுக்குதான் இது.” கூடையைக் காட்டினார். பிறகு சின்னப் பையன் பரீட்சை மார்க் கேட்பது போலக் கேட்டார். “நீ சொன்னது ரெண்டு சாண். எவ்ளோ வந்துச்சு?”

“ரெண்டு. ஒரு விரல் கொறச்சல்.”

“அந்த ஒரு விரல் எங்க போச்சு?”

“உங்க போட்டு ஒண்ணு லேட்டா கெளம்பியிருக்கும்.”

“எந்தம்பிது. அவனும் அப்படித்தான்” என்றார் மாசிலாமணி. சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நாலில் ஒன்று சுக்குநூறு. ஒன்றை இன்னும் காணவில்லை. மற்றொன்று ஓடையில் அடித்துப்போய் தில்லைமேட்டில் கரை ஒதுங்கியிருக்கிறதாம். கன்னியம்மாவின் ஆட்கள் அதை மரத்தில் கட்டிவைத்துவிட்டு, முப்பத்தொரு வீட்டுச் சுவரும் நிற்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. இலக்கியாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. ஹேமலதா.

“பூஜ்யம்னு அனுப்பியிருக்கே இலக்கியா. ஊருக்குள்ள ரெண்டு சாண். அந்தப் பக்கம் அஞ்சுன்னு சொன்னது ரெண்டரை. கமிட்டி கேக்குது. சாண் எங்க தப்பாச்சு?”

பதினேழாவது ஓட்டம் அவள் பையிலேயே இருந்தது. அதை அனுப்பினால் போதும். மொத்தக் கரைக்கும் சாண்தான். நடுவில் நாலு படகு ஏன் இல்லை என்று ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். மாசிலாமணி கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். போனில் வந்த கேள்வி அவர் காதிலும் விழுந்திருந்தது. வேண்டாம் என்றோ வேண்டும் என்றோ அவர் தலையாட்டவில்லை.

“சாண் தப்பில்ல மேடம்” என்றாள் இலக்கியா. “நான்தான் தப்பு பண்ணிட்டேன். தண்ணி வந்தா படகு மிதக்கும்ங்கிறத நான் சரியா எழுதல.”

“நீ மீன்பிடிக்கிற ஊர்ப் பொண்ணுதானேம்மா?” என்று கேட்டார் ஹேமலதா.

“ஆமா மேடம்” என்று சொல்லிவிட்டு, போனை இடுப்பில் செருகிக்கொண்டு, இலக்கியா இரண்டாவது கூடையைத் தேடினாள்.